குடியும் குடியுரிமையும்: பிலிப்பினோ அமெரிக்க எழுத்தில் குடும்பம்

அயலகத்தில் குடியேறியோரின் எழுத்தைப் பற்றிப் பேச நேரும்பொழுது, நாம் பெரும்பாலும் 'ஏக்கம்' என்னும் ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டே தொடங்குகிறோம். ஊரைப் பிரிந்தான், ஊரை நினைத்தான், வருந்தினான் என்று கதையைச் சுருக்கிவிடுவது வகுப்பறைக்கு வசதியானது. பிலிப்பினோ அமெரிக்கப் படைப்புகளையும் இவ்வாறே படிக்க இயலும். ஆயினும் இப்படைப்புகளில் காணும் பிரிவு, கடலும் தொலைவும் மட்டும் உண்டாக்கிய பிரிவன்று. எவரை மணக்கலாம், எந்தப் பிள்ளை பிள்ளையாகக் கருதப்படும், உடன்பிறந்தாரை அழைத்துக்கொள்ள எத்துணைக் காலம் காத்திருக்க வேண்டும் என்பனவற்றையெல்லாம் அமெரிக்கச் சட்டம் வரையறுத்தது. அச்சட்டத்தை அறியாது படிப்போமாயின், பாத்திரங்களின் துயரம் அவர்தம் மனப்பாங்காகவே தோன்றிவிடும் என்பது எம் கருத்து. கார்லோஸ் புலோசான், பியன்வெனிடோ சாந்தோஸ், ஹோசே அந்தோனியோ வர்காஸ், எலேன் காஸ்டில்யோ ஆகிய நால்வரின் எழுத்துகளைக் கொண்டு இதனை நோக்குவோம்.

தமிழில் 'குடி' என்னும் சொல் இவ்வாய்வுக்குப் பெரிதும் துணை செய்கிறது. திருக்குறளில் 'குடிமை', 'குடிசெயல்வகை' என்னும் அதிகாரத் தலைப்புகளில் குடி என்பது பிறந்த குடும்பத்தையும் மரபையும் குறிக்கும். அரசின்கீழ் வாழும் மக்களையும் அதே நூல் குடி என்றே வழங்கும். நாம் பிற்காலத்தில் ஆக்கிக்கொண்ட 'குடியுரிமை' என்னும் சொல்லில் இவ்விரு பொருளும் உடன் ஒலிக்கின்றன. பிலிப்பினோ அமெரிக்கர் வரலாற்றிலோ இவ்விரு குடிகளும் ஒன்றையொன்று தடுத்து நின்றமையைக் காண்கிறோம்.

நாட்டவர், குடிமக்கள் அல்லர்

1898-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையின்படி, ஸ்பெயின் 2 கோடி டாலர் பெற்றுக்கொண்டு பிலிப்பீன்ஸை அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. அத்தீவுகளின் மக்கள் அதன்பின் அமெரிக்காவிற்குக் கடப்பாடுடைய 'நாட்டவர்' ஆயினர், குடிமக்கள் ஆகவில்லை. தடையின்றிக் கப்பலேறி வரலாம், உழைக்கலாம், வாக்களிக்க இயலாது. அமெரிக்கப் படையில், சிறப்பாகக் கடற்படையில், பணியாற்றியோர்க்கு மட்டும் 1918-ஆம் ஆண்டுச் சட்டமொன்று சிறு வாயிலைத் திறந்து வைத்தது. 1906-இல் 15 பேர் ஹவாய்க் கரும்புத் தோட்டங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்களைத் தொடர்ந்து பல்லாயிரவர் சென்றனர். அமெரிக்கப் பெருநிலத்தின் மேற்குக் கரைப் பண்ணைகளுக்கும் மீன் பதனிடும் ஆலைகளுக்கும் வேறு பலர் சென்றனர். தோட்டப்புற இலக்கியம் பயின்ற நம் வாசகர்க்கு இப்பகுதியை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒரு வேறுபாட்டை மட்டும் சுட்டலாம். சென்றவருள் மிகப் பெரும்பாலோர் மணமாகாத இளைஞர். 1930-ஐ ஒட்டிக் கலிஃபோர்னியாவில் ஏறத்தாழ 14 பிலிப்பினோ ஆண்களுக்கு ஒரு பிலிப்பினோப் பெண்ணே இருந்தார்.

மணம் புரிய எண்ணியவர் சட்டத்தின் வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்டனர். வெள்ளையரும் மங்கோலிய இனத்தவரும் மணத்தலாகாது எனக் கலிஃபோர்னியச் சட்டம் விதித்திருந்தது. பிலிப்பினோக்கள் மங்கோலியர் அல்லர், மலாய் இனத்தவர் என்று 1933-இல் ரோல்டான் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் சட்டமன்றம் 'மலாய் இனம்' என்னும் தொடரைத் தடைப்பட்டியலில் சேர்த்துக்கொண்டது. நம் வட்டாரத்தில் நாம் அன்றாடம் வழங்கும் ஓர் இனப்பெயர், பசிபிக் கடலுக்கு அப்பால் திருமணத்தை விலக்கும் சொல்லாகச் சட்டநூலில் ஏறியிருந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. கலிஃபோர்னியாவின் அத்தடை 1948 வரை நீடித்தது.

1934-ஆம் ஆண்டு டைடிங்ஸ்-மெக்டஃபி சட்டம் பிலிப்பீன்ஸுக்கு விடுதலை வாக்குறுதி அளித்தது. அதே கையால், குடியேறுவோர் எண்ணிக்கையை ஆண்டுக்கு 50 எனக் குறைத்தது. நேற்றுவரை 'நாட்டவர்' எனப்பட்டோர் குடிநுழைவு நோக்கில் அயலார் ஆயினர். 1935-இல் ஊர் திரும்ப இலவசப் பயணம் அளிக்கும் சட்டமும் வந்தது. அதனை ஏற்றுச் சென்றவர் அந்த ஐம்பதுள் ஒருவராக இடம் பெற்றாலன்றி மீண்டு வர இயலாது. ஏறத்தாழ 2,200 பேரே அதனை ஏற்றனர் என்பது, எஞ்சியோர் அச்சலுகையின் உட்பொருளை நன்கு அறிந்திருந்தனர் என்பதைக் காட்டுகிறது.

இப்பின்புலத்தில்தான் புலோசானின் 'அமெரிக்கா இஸ் இன் தி ஹார்ட்' என்னும் நூலை வைத்துப் பார்க்க வேண்டும். 1930-இல் சியாட்டில் வந்திறங்கிய புலோசான் இதனை 1946-இல் வெளியிட்டார். தன்வரலாறு எனப்பட்டாலும் பலர் வாழ்வையும் ஒருவர் வாழ்வாகத் தொகுத்த படைப்பு இது. 1972-இல் ஈ. சான் ஹுவான் புலோசானை வர்க்கப் போராட்ட நோக்கில் விரிவாக ஆராய்ந்தார். அவ்வாய்வின் பயனை நாம் மறுக்கவில்லை. எனினும் நூலின் முதற்பகுதி முழுவதும் பங்கசினான் மாவட்டத்து வேளாண் குடும்பம் ஒன்றின் கதை என்பதைத் திறனாய்வாளர் பலர் விரைந்து கடந்துவிடுகின்றனர். மகனின் படிப்பிற்காகத் தந்தை நிலத்தை இழக்கிறார். தாய் ஊர் ஊராய்ச் சென்று உப்பிட்ட மீன் விற்கிறார். இரண்டாம் பகுதியில் அமெரிக்கா தொடங்கியவுடன் அக்குடும்பம் மறைந்துபோகிறது. மறைந்ததை ஈடுசெய்வதற்காகவே கதைசொல்லி தன் தமையன்மாரைத் தேடி அலைகிறான்.

அத்தேடலில் ஒரு காட்சி எம்மை மிகவும் பிணித்தது. கதைசொல்லி தன் அண்ணன் அமாடோவைக் காண்கிறான். அண்ணனோ இவனை நம்பவில்லை. உடன்பிறந்தவன் என்றால் நம் தாயின் பெயரைச் சொல் என்கிறான். ஊரார் அழைக்கும் பெயரையும் தாயின் இயற்பெயரையும் கூறிய பின்னரே உறவு உறுதியாகிறது. குடிநுழைவு அதிகாரியின் மேசைக்கு முன் நிகழ வேண்டிய விசாரணை, இரு சகோதரர்க்கிடையே நிகழ்கிறது. உறவு என்பது தானே விளங்கும் ஒன்றாக இல்லாமல் மெய்ப்பிக்கப்பட வேண்டிய ஒன்றாக மாறிவிட்ட உலகைப் புலோசான் விளக்கவுரை ஏதுமின்றிக் காட்டிவிடுகிறார். நூலின் இறுதியில் அமெரிக்காவின்மீது அவர் அறிவிக்கும் நம்பிக்கையைவிட இச்சிறு காட்சியே ஆற்றல் மிக்கது என்போம். அவ்விறுதிப் பக்கங்கள் உரத்துப் பேசுகின்றன. போர்க்கால வாசகரை முன்னிறுத்தி எழுதப்பட்டமை அதற்குக் காரணமாகலாம். காரணம் கூறுவதால் குறை குறையாதிருக்கப் போவதில்லை.

நூல் வெளிவந்த 1946-ஆம் ஆண்டே சட்ட வரலாற்றிலும் ஒரு திருப்பம். அமெரிக்கக் கொடியின்கீழ்ப் போரிட்ட பிலிப்பீன்ஸ் வீரர்களின் படைப்பணி, பெரும்பாலான உதவித் திட்டங்களுக்குப் பணியாகக் கருதப்படாது எனப் பிப்ரவரியில் ஒரு சட்டம் கூறியது. ஜூலை 2-இல் லூஸ்-செல்லர் சட்டம் பிலிப்பினோக்கள் குடியுரிமை பெற வழிவகுத்து, ஆண்டுக்கு 100 பேர் எனக் குடியேற்ற அளவையும் வகுத்தது. இரு நாள் கழித்துப் பிலிப்பீன்ஸ் விடுதலை பெற்றது. புலோசான் 1956-இல் சியாட்டிலில் மறைந்தார். இறுதிவரை அவர் அமெரிக்கக் குடிமகன் ஆகவில்லை.

ஆப்பிள் தோட்டத்து வீடு

சாந்தோஸின் 'சென்ட் ஆஃப் ஆப்பிள்ஸ்' என்னும் சிறுகதை ஏக்க இலக்கியத்திற்கு எடுத்துக்காட்டாகப் பல தொகுப்புகளில் இடம்பெற்றது. போர்க்காலத்தில் மிச்சிகன் மாநிலக் கலமசூ நகரில் சொற்பொழிவாற்றும் பிலிப்பினோ ஒருவரைச் செலஸ்டினோ ஃபாபியா என்னும் உழவர் தம் வீட்டிற்கு அழைத்துச் செல்கிறார். வீட்டில் அமெரிக்க மனைவி ரூத், மகன் ரோஜர். சுற்றிலும் ஆப்பிள் மணம். சுவரருகே முகம் மங்கிப்போன பிலிப்பினோப் பெண் ஒருத்தியின் படம். அவள் யாரென்று ஃபாபியாவிற்கே தெரியாது. சிக்காகோவில் ஓர் அறையில் கிடந்ததை எடுத்து வைத்துக்கொண்டவர் அவர்.

இக்கதையில் சட்டம் என்னும் சொல்லே வரவில்லை. ஆயினும் கதை ஏன் கலிஃபோர்னியாவில் நிகழவில்லை என்னும் வினாவை எழுப்பிப் பார்க்கலாம். மிச்சிகனில் கலப்புமணத் தடை 1883-லேயே நீக்கப்பட்டிருந்தது. ரூத்தும் ஃபாபியாவும் அங்கே கணவன் மனைவியாகலாம். கலிஃபோர்னியாவில் இவ்வீடே இருந்திருக்க இயலாது. மேலும் ரோஜர் அம்மண்ணில் பிறந்தமையால் பிறப்பாலேயே குடிமகன். தாயும் குடிமகள். தந்தை ஒருவரே, கதை நிகழும் காலத்தில், குடியுரிமை கோரவும் தகுதியற்றவர். ஒரே கூரையின்கீழ் மூவருக்கு இருவேறு நிலை. ஊருக்குச் செய்தி கொண்டுசெல்லட்டுமா என்று விருந்தினர் கேட்க, தம்மை நினைவுகூர எவரும் இல்லையென ஃபாபியா மறுத்துவிடுகிறார். ஊரில் தந்தையால் ஒதுக்கப்பட்டவர் என்பதால் அதனை மனக்கசப்பாகப் படிப்போர் உளர். அது மட்டுமன்று எனத் தோன்றுகிறது. 1934-க்குப் பின் ஊருக்குச் செல்வோர் திரும்பி வரும் வழி ஏறத்தாழ அடைபட்டிருந்தது. மனைவியும் மகனும் இருக்கும் மனிதர் அவ்வழியில் கால்வைக்கத் துணிவாரா என்பதையும் ஆசிரியர்கள் வகுப்பில் கேட்கலாம்.

இத்தலைமுறையினரைப் பிற்காலத்தவர் 'மனோங்' என அழைத்தனர். இலோக்கானோ மொழியில் அச்சொல்லுக்கு அண்ணன் என்று பொருள். மனைவி மக்களைப் பெறும் வாய்ப்பு மறுக்கப்பட்டோர், முதுமையில் ஊர் முழுவதற்கும் அண்ணன்மார் ஆயினர்.

காத்திருக்கும் குடும்பம்

1965-ஆம் ஆண்டுச் சட்டம் நிலையை மாற்றியது. குடும்ப ஒன்றிணைவு குடியேற்றத்தின் முதன்மை வழியாயிற்று. இனித் தடை இல்லை, வரிசை உண்டு. வரையறைக்குட்பட்ட விசாக்களில் எந்த ஒரு நாட்டிற்கும் 7 விழுக்காட்டிற்குமேல் கிடையாது. குடிமகன் ஒருவன் பிலிப்பீன்ஸிலுள்ள உடன்பிறந்தாரை அழைக்க விண்ணப்பித்தால் காத்திருப்பு 20 ஆண்டுகளைக் கடக்கும். 21 வயது நிறைந்தால் பிள்ளை சட்டத்தின் பார்வையில் குழந்தையல்லன். நிரந்தரவாசி மட்டுமேயான பெற்றோர், மணமான மகளுக்கு விண்ணப்பிக்கவே இயலாது. இன்னொரு விந்தையும் உண்டு. பெற்றோர் குடியுரிமை பெற்றுவிட்டால் மணமாகாத வளர்ந்த பிள்ளை வேறு வரிசைக்கு மாற்றப்படுவான்; பிலிப்பீன்ஸைப் பொறுத்தவரை அப்புதிய வரிசை பழையதைவிட நீண்டிருந்தது. நாட்டின்மீது பற்றுறுதி கூறியதற்குப் பிள்ளை மேலும் சில ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 2002-ஆம் ஆண்டுச் சட்டம் பழைய வரிசையிலேயே நின்றுகொள்ள இசைவளித்து இதனைத் திருத்தியது. போர்வீரர் நிலையும் இத்தகையதே. 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தால் முதுமையில் குடியுரிமை பெற்றோர், வளர்ந்த பிள்ளைகளை உடனழைத்து வர இயலாமல் தனித்து வாழ்ந்தனர். அப்பிள்ளைகள் விசா கிடைக்கும் முன்னரே வந்து சேர 2016-இல் ஒரு தனித்திட்டம் ஏற்பட்டபொழுது, வீரர் பலர் உயிருடன் இல்லை.

வர்காஸின் 'டியர் அமெரிக்கா' (2018) இந்த விதிகளின் இடுக்கில் பிறந்த நூல். அவருடைய பாட்டனார் அமெரிக்காவில் வாழ்ந்த தம் சகோதரியின் விண்ணப்பத்தால் அங்குச் சென்றவர். அவர் தம் மகளை அழைக்க விரும்பினார். மகளோ மணமானவர். விதியை மீற இயலாமல் மணமாகாதவர் என எழுதினார். பின்னர், பொய் வெளிப்பட்டால் மகனின் விண்ணப்பமும் கெடும் என அஞ்சி மகளின் விண்ணப்பத்தை மீட்டுக்கொண்டார். 1993-இல் அம்மகள் தம் 12 வயது மகனைத் தனியே அனுப்பினார். 16 வயதில் ஓட்டுநர் உரிமம் பெறச் சென்றபொழுது தம் நிரந்தரவாச அட்டை போலி என்பதை அம்மகன் அறிந்தார். இதனை ஒரு தனிமனிதர் செய்த பொய்யின் கதையாகக் காண்பது எளிது. ஒரு படிவத்தில் 'மணமானவர்' என்னும் ஒரு கட்டமே தாயையும் மகனையும் பல்லாண்டு பிரித்தது என்று காண்பதே பொருத்தமாகும். நடை, செய்தியாளர் நடை. சிற்சில இடங்களில் மேடைப் பேச்சின் சாயல் மிகுகிறது. ஆயினும், ஆவணமற்ற குடிமகனின் குறிப்புகள் என்னும் துணைத்தலைப்பு கூர்மையானது. ஆவணம் இல்லையெனில் குடிமகன் இல்லை என்பது சட்டம். குடியென்று வாழ்ந்தவன் குடிமகன் என்பது அவர் வாதம்.

காஸ்டில்யோவின் 'அமெரிக்கா இஸ் நாட் தி ஹார்ட்' என்னும் நாவலும் 2018-இல் வந்தது. தலைப்பு புலோசானுக்கு மறுமொழி. 1990-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் மில்பிட்டாஸ் நகரில், போல் என்னும் உறவினர் வீட்டிற்கு ஹீரோ வந்து சேர்கிறாள். கிளர்ச்சிப் படையில் மருத்துவராக இருந்து, பிடிபட்டு, இரு கட்டைவிரல்களும் முறிக்கப்பட்டவள், பெற்றோரால் கைவிடப்பட்டவள். போல் அவளுடைய தந்தையின் உடன்பிறந்தார். ஊரில் அறுவை மருத்துவராயிருந்த அவர் இங்கே காவலாளி. செவிலியரான மனைவி பாஸ் இருமடங்கு நேரம் உழைத்து வீட்டைத் தாங்குகிறார். நாவலின் இடைப்பகுதி தேவைக்கு மேல் நீள்கிறது. உணவு விருந்துகளும் உரையாடல்களும் சில இடங்களில் கதையை நிறுத்திவிடுகின்றன. எனினும் இந்நாவலில் யாம் பெரிதும் மதிப்பது ஒன்றுண்டு. அமெரிக்கக் குடிநுழைவுச் சட்டத்தில் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தார் ஆகியோர்க்கு வரிசைகள் உள்ளன. சகோதரன் மகளுக்கு வரிசையே இல்லை. எத்தனை ஆண்டுகள் காத்திருப்பினும் போல் ஹீரோவிற்காக விண்ணப்பிக்க இயலாது.

அவ்வீட்டில் அவள் செய்யும் வேலை, போலின் சிறுமகள் ரோனியைப் பள்ளிக்குக் கொண்டுசெல்வதும் அழைத்து வருவதும். ரோனி என்பது செல்லப்பெயர். இருவருக்கும் இயற்பெயர் ஹெரோனிமா. கடல் கடந்து வந்த போல், தம் சகோதரன் மகளின் பெயரையே தம் மகளுக்கு இட்டிருந்தார்.