தெரிதாவின் மறைவும் அவர்மேல் எழுந்த வழக்கும்

பிராஞ்சு தேயத்துத் தத்துவ ஆசிரியராகிய ழாக் தெரிதா என்பார் 2004-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 9-ஆம் நாள், 74 வயது நிரம்பியவராய்ப் பாரிஸ் நகரிற் காலமாயினர். மறுநாளே 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை, விளங்குதற்கரிய கொள்கையாளர் இறந்தாரெனத் தலைப்பிட்டு அச்செய்தியை வெளியிட்டது. இறந்தார்க்கு இரங்கும் முறை இதுவோவென அறிஞர் பலர் கண்டித்தனர். இவ்வழக்குப் பழையது. 1992-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவர்க்குக் கௌரவப் பட்டம் அளிக்க முற்பட்டபோது எதிர்ப்பெழுந்து, வாக்கெடுப்பில் 336 பேர் உடன்பட, 204 பேர் மறுத்தனர்.

எச்சொல்லுக்கும் நிலைத்த பொருளில்லையாதலின் எவரும் எதனையும் கொள்ளலாமென்றார் என்பதே அவர்மேற் சுமத்திய பழி. அஃது அவர் கொள்கையன்று. பேச்சே உயிருடையது, எழுத்து அதன் நிழல் என்பது பிளேட்டோ முதலாக மேல்நாட்டார் கொண்ட துணிபு. தெரிதா 1967-இல் வெளியிட்ட எழுத்தியல் நூலில், ரூசோவும் சசூரும் கூறிய சொற்களையே எடுத்து நுணுகி ஆராய்ந்து, எழுத்தின்மேல் அவர்கள் ஏற்றிய குறை பேச்சினும் உளதென்பதனை அவர்தம் வாக்கினாலேயே நாட்டினர். உரைகாரர்க்குரிய பொறுமையின்றி இது கைகூடாது. இம்முறையைத் தமிழிற் 'கட்டுடைப்பு' என்கின்றனர். உடைத்தலென்பது இடித்தலை நினைப்பிக்குமாதலின், கட்டவிழ்த்தல் என்பதே தகும்.

எனினும் அவர் குறையிலரல்லர். அவர் நண்பராகிய போல் தெ மான், போர்க்காலத்துப் பெல்ஜியத்தில் யூதர்க்கு மாறாக எழுதிய கட்டுரை 1987-இல் வெளிப்பட்டது. மறு ஆண்டு தெரிதா எழுதிய விளக்கம், அதனைக் குற்றமென ஒப்பியும், நண்பர்க்கு இயன்றமட்டும் நற்பொருள் தேடிற்று. யூதராய்ப் பிறந்தமையால் 1942-இல் அல்ஜீரியாவிற் பள்ளியினின்று நீக்கப்பட்டவர் அவர். பிறர் நூலில் ஒரு சொல்லையும் விடாது வினவியவர் ஈண்டு வினாவை மெலிவித்தனர். பலரும் பழித்த நடைக் கடுமையினும் இதுவே பெரிய குறை.