கூர் இதழ் விருட்சி

ஊட்டிக்குப் போய்வருகிறவர்கள் ஆசையாக ஹைட்ராஞ்சியா தொட்டி வாங்கி வருகிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் வெயிலில் அது ஒரு சித்திரையைத் தாண்டுவதே பெரிது. தாண்டினாலும் பூக்காது, மொட்டுக் கட்ட அதற்குச் சில வாரக் குளிர் வேண்டும். கொத்துக் கொத்தாய்ப் பூ வேண்டுமென்றால் நமக்கு விருட்சி இருக்கிறது.

நான் சொல்வது பழைய நாட்டு விருட்சி. ஆள் உயரம் வளரும், இலை காம்பில்லாமல் தண்டோடு ஒட்டியிருக்கும், இதழ் கூராக முடியும். சீன விருட்சியில் இதழ் நுனி மழுங்கியிருக்கும். நிறங்கள் அதில்தான் அதிகம் என்பார்கள். இருக்கட்டும். கொத்தில் பாதி ஊசி மொட்டாகவும் பாதி விரிந்தும் நிற்கிற நாட்களில் நாட்டு விருட்சியைப் பாருங்கள். மொட்டின் கூர்மை அப்படியே இதழின் கூர்மையாகியிருக்கும். மழுங்கிய இதழில் அந்த அழகு வராது. எத்தனை நிறம் இருந்தாலும் என் கண் அங்கே நிற்பதில்லை.

ஆநிரை கவரப் போனவர்கள் சூடிய வெட்சி இதுதான். காப்பிச் செடியின் குடும்பம். சின்ன வயதில் கோயில் குளத்தை ஒட்டிய தெருவில் பூவைப் பிடுங்கி அடிக்குழாயில் தேன் உறிஞ்சியிருக்கிறோம். கறிவேப்பிலையில் முட்டையிடும் கறுப்புப் பட்டாம்பூச்சி அந்த மெல்லிய குழாய்க்குள் உறிஞ்சியை விடுவதை மணிக்கணக்கில் பார்க்கலாம்.

இந்தப் பக்கத்துப் புதுவீடுகளில் விருட்சி மஞ்சளாகிப் போகிறது என்று நிறையப் பேர் வருத்தப்படுகிறார்கள். கொழுந்தில் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் வெளுத்திருந்தால் அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருக்கும். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரும் மனை நிரப்பிய கட்டட இடிபாட்டுச் சுண்ணாம்பும் சேர்ந்து வேருக்கு அதைக் கிடைக்கவிடாது. ஹைட்ராஞ்சியா ஊட்டியில் நீலமாகப் பூக்கக் காரணமான புளிப்பு மண்ணைத்தான் விருட்சியும் கேட்கிறது. எனக்குச் செடி விற்ற நர்சரிக்காரர் யூரியா போடச் சொன்னார், மஞ்சள் போகவில்லை. சுவரைவிட்டு மூன்றடி தள்ளி நட்டு, இலைமக்கு போட்டு, அன்னபேதி உப்பைக் கொஞ்சமாகக் கரைத்து ஊற்றிய பிறகே பச்சை திரும்பியது. அதைவிட நல்ல மருந்து ஐப்பசி மழை. மாடியில் விழுவதை ஒரு டிரம்மில் பிடித்து வைத்து ஊற்றுங்கள்.

பெரிய வருத்தம் வேறு. ஒரகடம் சாலையில் போனால் தொழிற்சாலை வேலி ஓரமெல்லாம் குட்டை விருட்சி, செங்கல் அடுக்கியதுபோல் சதுரமாக. விருட்சி கிளை நுனியில்தான் பூக்கும். மாதாமாதம் நுனியை நறுக்கினால் மொட்டும் சேர்ந்தே போகிறது. மிஞ்சுவது பச்சைச் சுவர். அதைப் பார்த்து வீட்டுக்காரர்களும் கத்தரியை எடுத்துவிட்டார்கள். ஒரு முறை பூத்து ஓய்ந்ததும் வாடிய கொத்தைக் கிள்ளினால் போதும். மற்றபடி அதை அதன் போக்கில் விடுங்கள்.

பழைய வீடுகளை இடித்து வாடகை அறைகள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒரு வீட்டு முற்றத்தில் கூர் இதழ் விருட்சி கண்ணில் பட்டால், சொந்தக்காரரிடம் கேட்டு ஒரு கிளையில் விண்பதியம் கட்டிவிட்டு வாருங்கள். வேர்விட இரண்டு மாதம் ஆகும். அதுவரை இடிக்காமல் இருக்கச் சொல்லுங்கள்.