உச்சிச் சந்திப்பின் குணதோஷங்கள்

நெடுநாட் பகை கொண்ட அண்டை நாட்டின்பால் கைக்கொள்ள வேண்டிய கொள்கையை வகுப்பது அரிதாவதற்குக் காரணம், அந்நாட்டை நம்பிவிடவும் இயலாது, அதனோடு பேசாதிருக்கவும் இயலாது என்பதே. இச்சங்கடத்தினின்று விடுபட இந்தியாவும் பாகிஸ்தானும் தாஷ்கண்ட் முதல் ஆக்ரா வரை மீண்டும் மீண்டும் நாடிய மார்க்கம், தலைவர்கள் நேரில் சந்திக்கும் உச்சி மாநாடு.

அதன் சிறப்பை மறுப்பதற்கில்லை. 1999 பிப்ரவரியில் பேருந்தேறி வாகா எல்லையைக் கடந்த இந்தியப் பிரதமர் வாஜ்பாய், லாகூரில் மினார்-இ-பாகிஸ்தான் நினைவுத்தூணுக்குச் சென்றார்; 1940இல் முஸ்லிம் லீக் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேற்றிய இடம் அது. பிரிவினையை இந்தியா மனப்பூர்வமாக ஏற்கவில்லை என்று அரை நூற்றாண்டாகப் பாகிஸ்தானியர் நெஞ்சில் வேரூன்றியிருந்த ஐயத்தை, தூதர்கள் எழுதும் கடிதங்கள் அசைத்துவிட முடியாது. அகண்ட பாரதம் பேசிய மரபில் வந்த ஒரு பிரதமரே அங்குச் சென்று நின்றது அவ்வையத்திற்கு நேரான மறுமொழியாயிற்று.

ஆயினும் அவ்வாண்டு மே மாதத்திலேயே கார்கில் மலைமுகடுகளில் பாகிஸ்தான் சேனையின் ஊடுருவல் வெளிப்பட்டது. உடன்படிக்கையில் கையொப்பமிடும் அதிகாரம் ஒருவரிடமும், சேனையை ஏவும் அதிகாரம் வேறொருவரிடமும் இருக்கும் நாட்டில், பிரதமரின் வாக்குறுதி எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அக்டோபரில் பிரதமர் நவாஸ் ஷெரீப்பின் ஆட்சியையே சேனைத் தலைவர் முஷரப் கவிழ்த்தது காட்டிற்று. சேனையைத் தம் கையில் வைத்திருந்த அதே முஷரப் 2001 ஜூலையில் ஆக்ராவுக்கு வந்தபோதோ, வேறொரு தோஷம் தலைகாட்டியது: தேசமே கண்கொட்டாமல் பார்த்திருக்க, விட்டுக்கொடுத்தவர் என்ற பழியை ஏற்க எத்தலைவரும் துணியார்; காஷ்மீரமும் பயங்கரவாதமும் குறுக்கே நிற்க, கூட்டறிக்கையின்றியே மாநாடு கலைந்தது.

அப்படியாயின் இச்சந்திப்புகள் வீணோ? அல்ல. 1988 டிசம்பரில் ராஜீவ் காந்தி இஸ்லாமாபாத் சென்று பாகிஸ்தான் பிரதமர் பேநசீர் பூட்டோவைச் சந்தித்தபோது கையெழுத்தான ஒப்பந்தம், ஒருவர் அணு நிலையங்களை மற்றவர் தாக்குவதில்லை என்பது. அதன்படி 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி முதல் நாளன்று இரு நாடுகளும் தத்தம் நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. லாகூரில் எழுதப்பட்ட குறிப்பொன்றில் அடங்கிய ஏவுகணைச் சோதனை முன்னறிவிப்பும் கார்கில் யுத்தத்தோடு மடிந்துவிடாமல், 2005இல் முறையான ஒப்பந்தமாயிற்று. மகத்தான பிரகடனங்கள் உதிர்ந்தபின்னும், அதிகாரிகள் நாள் பார்த்துச் செய்ய வேண்டிய சிறு கடமைகள் நிலைத்தன. ஏனெனில் அவை சிநேகத்தை அன்று, இரு தரப்பாரும் அஞ்சும் பொது அபாயத்தையே அடிப்படையாகக் கொண்டவை.

இதற்கும் எல்லையுண்டு. 1965, 1971 யுத்தங்களைத் தாங்கி நின்ற 1960ஆம் ஆண்டின் சிந்து நதிநீர் உடன்படிக்கையையே, காஷ்மீரத்தின் பஹல்காமில் பயங்கரவாதிகள் நிகழ்த்திய படுகொலைக்குப் பின் 2025இல் இந்தியா நிறுத்தி வைத்தது. பயங்கரவாதம் தொடரும் வரையில் எந்த ஒப்பந்தமும் சாசுவதமன்று.

ஆகவே, மாநாடு கூடியதா, கைகுலுக்கினரா என்பதைக் கொண்டு கொள்கையை மதிப்பிடுவது பேதைமை. அம்மாநாடு இரு நாட்டு அதிகாரிகளுக்கும் ஆண்டுதோறும் செய்தே தீர வேண்டிய கடமை ஏதேனும் ஒன்றை விட்டுச்சென்றதா என்று கேட்பதே விவேகம். அத்தகைய கடமையை முன்கூட்டியே வரைந்து வைத்துக்கொள்ளாமல் தலைவரைப் பகைப்புலத்திற்கு அனுப்புவது நம் மக்களின் நம்பிக்கையைப் பணயம் வைப்பதாகும்.