பெயர் மாற்றிக் கூப்பிடப்படும் பிள்ளைகள்

அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்தின் பெருமைக்குரிய விருதான நியூபெரி பதக்கம் 1922 முதல் வழங்கப்படுகிறது. ஒரு கிராஃபிக் நாவல் முதன்முறையாக அதைப் பெற்றது 2020-இல்தான். ஜெரி கிராஃப்ட் எழுதி வரைந்த 'நியூ கிட்' அந்த நூல். கறுப்பினப் படைப்பாளிகளுக்கான கொரெட்டா ஸ்காட் கிங் விருதும் அதே ஆண்டு அதற்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் டெக்சாஸ் மாநிலத்தின் கேட்டி பள்ளி மாவட்டம் அதே நூலைத் தன் நூலகங்களிலிருந்து எடுத்தது; ஆசிரியர் இணையவழியில் மாணவர்களோடு பேசவிருந்த நிகழ்ச்சியையும் தள்ளிவைத்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகளைக் குற்ற உணர்வில் தள்ளுகிறது என்பது பெற்றோர் சிலரின் புகார். குழு ஒன்று படித்துப் பார்த்து, தவறேதும் இல்லை என்று சொன்னபின் நூல் திரும்பி வந்தது.

இந்தச் சச்சரவில் நூலைப் பற்றிய பேச்சு அமுங்கிப்போனது. எதிர்த்தவர்கள் அதை ஆபத்தானதாக்கினார்கள். ஆதரித்தவர்கள் அதைக் குறை சொல்லக்கூடாத ஒன்றாக்கினார்கள். இரண்டுமே ஒரு படைப்புக்குச் செய்யும் அநியாயம். இனவெறியைப் படக்கதை வழியே பிள்ளைகளுக்குச் சொல்லும் முறை இன்று அமெரிக்கப் பதிப்புலகில் வேரூன்றிவிட்டது. அந்த முறையால் எது முடியும், எது முடியாது என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான நூல் இல்லை.

ஜோர்டன் பேங்க்ஸுக்குப் பன்னிரண்டு வயது. நியூயார்க்கின் வாஷிங்டன் ஹைட்ஸில் வீடு. ஓவியப் பள்ளிக்குப் போக ஆசை. அம்மாவோ பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் ரிவர்டேல் தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்பில் சேர்த்துவிடுகிறார். உதவித்தொகையில் படிக்கும் ஒருசில கறுப்பினப் பிள்ளைகளில் அவனும் ஒருவன். கிராஃப்டும் வாஷிங்டன் ஹைட்ஸில் வளர்ந்து ரிவர்டேலில் ஒரு தனியார் பள்ளியில் படித்தவர்தான். அந்தப் பழக்கம் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது.

கதையில் பெரிய வன்முறை எதுவும் கிடையாது. யாரும் ஜோர்டனை இனப்பெயர் சொல்லித் திட்டுவதில்லை. வகுப்பாசிரியை மிஸ் ரால், ட்ரூ என்ற கறுப்பினப் பையனை டியாண்ட்ரே என்று கூப்பிடுகிறார். டியாண்ட்ரே அதே பள்ளியில் முன்பு படித்த வேறொரு கறுப்பினப் பையன். திருத்தினால் மன்னிப்புக் கேட்கிறார். சில பக்கங்கள் கழித்து மறுபடியும் டியாண்ட்ரே. ஒருமுறை நடந்தால் மறதி. பத்தாவது முறையும் நடந்தால் அதை என்னவென்று சொல்வது? வெளியே சொன்னால் இதெல்லாம் ஒரு விஷயமா என்பார்கள். சொல்லாவிட்டால் உள்ளே கிடந்து அரிக்கும். இப்படிப்பட்ட அவமானத்தை உரைநடையில் எழுதினால் ஒன்று புலம்பலாகிவிடும், இல்லையென்றால் விளக்கவுரையாகிவிடும். படக்கதையில் அதே முகம், அதே புன்னகை, அதே தவறான பெயர் திரும்பத் திரும்ப வரும்போது கூட்டிப் பார்க்கும் வேலையை வாசிக்கிற பிள்ளையே செய்துகொள்கிறது. ஜோர்டனும் ட்ரூவும் பிறகு இதையே விளையாட்டாக்கி, ஒருவரையொருவர் வாய்க்கு வந்த பெயரில் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். அடிபட்ட இடத்தை அடிபட்டவர்களே சிரிப்பாக மாற்றுகிற அந்த இடம் நூலின் அழகான இடங்களில் ஒன்று.

கதை முழுவதும் வண்ணத்தில் வருகிறது. இடையிடையே ஜோர்டனின் ஓவிய நோட்டுப் பக்கங்கள் மட்டும் கறுப்பு வெள்ளையில், பென்சில் கோட்டில் வருகின்றன. வண்ணப் பக்கங்களில் அவன் பணிவான பையன். நோட்டில் அவன் வாய் திறக்கிறான். நோட்டில் ஒரு பஸ் பயணத்தை வரைந்திருக்கிறான். வாஷிங்டன் ஹைட்ஸில் ஏறும்போது கறுப்புக் கண்ணாடி, தலையை மூடிய தொப்பிச் சட்டை, இறுகிய முகம். இன்வுட் வருகிறது, கிங்ஸ்பிரிட்ஜ் வருகிறது; பேட்டைக்குப் பேட்டை ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே போகிறது. ரிவர்டேலில் இறங்கும்போது யாரையும் பயமுறுத்தாத ஒரு பிள்ளையாக மாறியிருக்கிறான். தன் தெருவில் இளக்காரமாகிவிடக் கூடாது என்பதற்கு ஒரு வேஷம், இன்னொரு தெருவில் சந்தேகத்துக்கு ஆளாகக் கூடாது என்பதற்கு ஒரு வேஷம். இதை ஒரு சமூகவியல் நூல் சொல்ல ஒரு அத்தியாயம் வேண்டும். ஒரு பையனின் தோளும் தலையும் கட்டத்துக்குக் கட்டம் எப்படி மாறுகின்றன என்று மட்டும் காட்டிவிட்டு கிராஃப்ட் நகர்ந்துவிடுகிறார்.

புத்தக அட்டைகளைப் பற்றிய பக்கங்களும் அப்படித்தான். மற்றப் பிள்ளைகளுக்கு மாயமும் சாகசமும் கொண்ட கதைகள். கறுப்பினப் பிள்ளை என்றால் துயரமும் தெருச்சண்டையும் நிறைந்த கதைகள் என்று பள்ளி நல்லெண்ணத்தோடு எடுத்து நீட்டுகிறது. ஜோர்டன் அந்த அட்டைகளைக் கேலியாக வரைகிறான். அது வெறும் கேலி இல்லை. 1985-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சிறுவர் நூல் மையம் கணக்கெடுத்தபோது, அமெரிக்காவில் அந்த ஆண்டு வெளியான ஏறத்தாழ 2,500 சிறுவர் நூல்களில் 18 மட்டுமே கறுப்பினத்தவர் படைத்தவை. நிலைமை அதன்பின் மாறியிருக்கிறது. ஆனால் எண்ணிக்கை கூடுவதும் கறுப்பினப் பிள்ளைக்கு டிராகனோடு பறக்கும் கதை கிடைப்பதும் ஒன்றல்ல என்பது அந்த இரண்டு வகை அட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே புரிந்துவிடும்.

இவ்வளவு நுட்பமாகப் படத்தால் பேசத் தெரிந்தவர், சில இடங்களில் படத்தை நம்பாமல் போவதுதான் எனக்கு வருத்தம். பிள்ளைகள் திடீரென்று கருத்தரங்கில் பேசுவதுபோல் பேசுகிறார்கள். ஒரு கட்டத்தில் நமக்கே புரிந்துவிட்ட விஷயத்தை அடுத்த கட்டத்தில் பேச்சுக் குமிழி எடுத்துச் சொல்கிறது. வகுப்பில் வைத்துப் பாடம் நடத்தும் ஆசிரியருக்கு அது வசதியாக இருக்கலாம். கதைக்கு அது பாரம்.

ஆண்டி என்ற வம்புக்காரப் பையனைப் படைத்த விதமும் நூலைப் பலவீனப்படுத்துகிறது. மிஸ் ரால் கெட்ட எண்ணம் கொண்டவர் இல்லை, அதனால்தான் அவர் முக்கியமான பாத்திரம். ஆண்டி அப்படியில்லை, எல்லாரையும் சீண்டுகிறவன், யாருக்கும் பிடிக்காதவன். சாப்பாட்டுக் கூடத்தில் அவனுக்கும் ட்ரூவுக்கும் மோதல் வந்து, பழி ட்ரூ மீது விழும்போது, ஜோர்டனும் மற்றப் பிள்ளைகளும் உண்மையைச் சொல்கிறார்கள். நெஞ்சைத் தொடும் காட்சிதான். ஆனால் அதுவரை பள்ளியின் காற்றிலேயே கலந்திருந்த ஒன்று, இங்கே ஒரு கெட்ட பையனின் தலையில் இறங்கிவிடுகிறது. ஆண்டியைப் பிடிக்காத வாசகர், தான் ஆண்டி இல்லை என்று நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டலாம்.

கையில் பொம்மையை மாட்டிக்கொண்டே திரியும் அலெக்சாண்ட்ரா, தீக்காயத் தழும்பை மறைக்கத்தான் அப்படிச் செய்கிறாள் என்று பின்னால் தெரிகிறது. தனியாகப் பார்த்தால் நல்ல கதை. ஜோர்டனின் கதைக்குப் பக்கத்தில் வரும்போது, எல்லாருக்கும் ஏதோ ஒரு குறை உண்டு, எல்லாரும் வேறுபட்டவர்களே என்ற ஆறுதலுக்குள் இனவெறியையும் சேர்த்துக் கரைத்துவிடும் ஆபத்து இருக்கிறது. தழும்பை மறைக்கலாம். தோலை எங்கே மறைப்பது?

இந்த மென்மை கிராஃப்ட் வேண்டுமென்றே எடுத்த முடிவு. ஜீன் லுவென் யாங் 2006-இல் வெளியிட்ட 'அமெரிக்கன் பார்ன் சைனீஸ்' எதிர்த்திசையில் போன நூல். சீனர்களைக் கேலி செய்ய வெள்ளையர்கள் காலங்காலமாக வரைந்த அத்தனை அசிங்கங்களையும் திரட்டி ஒரு பாத்திரமாக்கி, வாசகர் சிரிக்கவும் முடியாமல் சிரிக்காமல் இருக்கவும் முடியாமல் தவிக்க வைத்தார் யாங். சற்று வளர்ந்த பிள்ளைகளால்தான் அதைத் தாங்க முடியும். பத்து வயதுப் பிள்ளை கையில் கொடுக்கக்கூடியது 'நியூ கிட்'தான். ஜோர்டனைப் போன்ற பிள்ளைக்கு, துன்பத்தை மட்டுமே காட்டாத, அப்பா அம்மா இருவரும் அன்போடு இருக்கும், சிரிப்புள்ள ஒரு கதை வேண்டும் என்பது கிராஃப்டின் பிடிவாதம். அதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் சிரிப்பு இலவசமாகக் கிடைப்பதில்லை. ஜோர்டன் எப்போதும் நல்ல பிள்ளையாக, பொறுத்துப்போகிறவனாக இருக்கிறான். கோபம் வருகிறவன் ட்ரூ. அந்தக் கோபத்துக்கு இந்த நூலில் போதிய இடமில்லை. உதவித்தொகை என்ற பேச்சு எழுந்ததும் வகுப்பு யாரைப் பார்க்கிறது என்பதைக் காட்டும் நூல், அந்தப் பள்ளிக்கு ஏன் மிகச் சில கறுப்பினப் பிள்ளைகளே வந்து சேர்கிறார்கள் என்று கேட்பதில்லை. நிற்கிற கட்டடம் அப்படியே நிற்க, உள்ளே இருப்பவர்களின் நடத்தை மட்டும் கொஞ்சம் மாறினால் போதும் என்ற அளவில் கதை நின்றுகொள்கிறது.

மென்மையாகச் சொன்னால் எதிர்ப்பு வராது என்று எண்ணியிருந்தால், கேட்டியில் நடந்தது அதையும் பொய்யாக்கிவிட்டது.

ஆண்டின் இறுதியில் மிஸ் ரால் கையில் ஜோர்டனின் ஓவிய நோட்டு அகப்படுகிறது. படித்துப் பார்க்கிறார். அதில் இருப்பது ஒரு பிள்ளையின் ஓராண்டு அனுபவம். அவர் கண்ணுக்குத் தெரிவதோ நன்றி கெட்ட கோபம், பள்ளியின் மீது ஒரு புகார். இருவரும் பேசுகிறார்கள், அவர் மனம் திருந்தி அழுவதில்லை, ஜோர்டன் வெற்றி பெறுவதும் இல்லை. இதை நூலின் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு நூலிலேயே நேர்மையான இடம் இதுதான். பத்து நிமிடப் பேச்சில் ஒரு வகுப்பாசிரியை திருந்துவது பாடநூலில் நடக்கும். இங்கே பிள்ளைக்குக் கிடைப்பது, தான் நினைத்ததை முதன்முறையாக நோட்டுக்கு வெளியே, ஒரு பெரியவரின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்ட அனுபவம் மட்டும். கிராஃப்ட் 2020-இல் வெளியிட்ட அடுத்த நூல் 'கிளாஸ் ஆக்ட்' ட்ரூவை மையமாக வைத்து, பணக்கார நண்பன் லியாமின் மாளிகைக்குப் போய்வந்தபின் நட்பில் விழும் விரிசலைப் பேசுகிறது. முதல் நூல் ஓரமாகத் தொட்டுவிட்டுப் போன பணம் அங்கே நடுவுக்கு வருகிறது. இரண்டையும் சேர்த்து வாங்கிக் கொடுங்கள். முதல் நூலை மட்டும் படித்த பிள்ளைக்கு ட்ரூவின் பாதிக் கதைதான் தெரியும்.