வளர மாட்டேன், போ!

பிசினஸ் புத்தகங்களில் முக்கால்வாசி ஒரே கதைதான். கார் ஷெட்டில் ஆரம்பித்தார், கையில் காசில்லாமல் அலைந்தார், இன்று நாற்பது நாடுகளில் கிளைகள். கடைசி அத்தியாயத்தில் ஹெலிகாப்டர். படித்து முடித்ததும் நமக்கும் ஜிவ்வென்று இருக்கும், மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில் நிற்கும் வரைக்கும்!

போ பர்லிங்ஹாம் எழுதிய 'ஸ்மால் ஜயன்ட்ஸ்' இந்த வரிசையில் சேராது. 'இன்க்' என்ற அமெரிக்க பிசினஸ் பத்திரிகையில் ஆசிரியராக இருந்தவர். 2005 கடைசியில் வந்த இந்தப் புத்தகத்தில் 14 கம்பெனிகளைப் பற்றிச் சொல்கிறார். எல்லாமே நன்றாக ஓடிக்கொண்டிருந்தவை. பெரிசாக வளர வாய்ப்பு வாசல் தேடி வந்தபோது 'வேண்டாம், போ' என்று கதவைச் சாத்தியவை.

சான்பிரான்சிஸ்கோவின் ஆங்கர் பியர் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். (பியரா என்று முகம் சுளிக்கிறவர்கள் முறுக்குக் கம்பெனி என்று நினைத்துப் படிக்கலாம். கதை மாறாது.) ஃபிரிட்ஸ் மேடாக், பிரபலமான வாஷிங் மெஷின் குடும்பத்து வாரிசு. 1965-ல், மூடப்போகிற நிலையில் இருந்த அந்த ஆலையின் 51 சதவிகிதத்தைச் சில ஆயிரம் டாலருக்கு வாங்கினார். சரக்கு புளித்துப்போய்க் கிடந்தது. மனுஷன் தானே தொட்டிகளைக் கழுவி, தொழிலை அடியிலிருந்து கற்றுக்கொண்டு, லாபம் என்று கண்ணால் பார்க்கப் பத்து வருஷம் ஆயிற்று. அப்புறம் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்க முடியாத அளவுக்கு கிராக்கி. பங்கு வெளியிட்டுப் பணம் திரட்டி ஆலையைப் பெரிசாக்கத் திட்டம் போட்டார். கடைசி நேரத்தில், 'வளர்ந்தே ஆகவேண்டும் என்று எனக்கு யார் சொன்னது?' என்று தோன்ற, திட்டத்தைக் கைவிட்டுவிட்டார். புதிதாகச் சின்ன ஆலை ஆரம்பிக்க வந்த போட்டியாளர்களுக்கே யோசனை சொல்லி அனுப்பினார் என்றால் பாருங்கள்.

அடுத்து கேரி எரிக்ஸன். சைக்கிள் பிரியர். நெடுந்தூரம் போகிறவர்கள் தின்பதற்காக 'க்ளிஃப் பார்' என்ற தின்பண்டத்தைத் தொடங்கியவர். அப்பா பெயர் க்ளிஃபர்ட், அதில் பாதி. 2000-ல் ஒரு பெரிய கம்பெனி 120 மில்லியன் டாலருக்கு வாங்கத் தயாராக இருந்தது. கையெழுத்துப் போடவேண்டிய நாளில் ஆபீஸை ஒரு சுற்று நடந்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனவர், அழுதுவிட்டார். திரும்பி வந்து 'விற்கவில்லை' என்றார். பங்குதாரர் விலகவே, அவருக்குப் பணம் கொடுத்துத் தீர்க்க ஆண்டுக்கணக்கில் பாடுபட வேண்டியிருந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது மிஷிகனில் ஆன் ஆர்பர் ஊரிலுள்ள ஸிங்கர்மேன்ஸ். 1982-ல் தொடங்கிய சாண்ட்விச் கடை. ஊர் ஊராகக் கிளை திறந்திருந்தால் கோடிகளை அள்ளியிருக்கலாம். உரிமையாளர்கள் இருவரும் இரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு வேறு முடிவு எடுத்தார்கள். கடை ஒன்றுதான், ஊரும் அதே ஊர்தான். ஆனால், கடைக்கு வேண்டிய ரொட்டிக்கு ஒரு தொழில், பாலாடைக் கட்டிக்கு ஒன்று, காபிக்கு ஒன்று என்று பக்கத்திலேயே புதிது புதிதாகத் திறப்பது. ஒவ்வொன்றிலும் அந்த வேலை தெரிந்த ஒருவரே பங்குதாரர். வரவு செலவு எல்லா ஊழியருக்கும் திறந்த புத்தகம். தட்டு கழுவுகிறவருக்கும் இந்த வாரம் எவ்வளவு வீணாயிற்று என்று தெரியும். வளர ஆசைப்படும் பணியாளருக்கு வேறு ஊர் போகாமலே இடம் கிடைத்தது. 'வளராத கம்பெனியில் பையன்கள் எப்படி முன்னுக்கு வருவது?' என்ற கேள்விக்கு நான் படித்ததில் உருப்படியான பதில் இது ஒன்றுதான்.

சரி, புத்தகம் வந்து இருபது வருஷம் ஆகிறது. இந்த வீரர்கள் எல்லாம் என்ன ஆனார்கள்?

மேடாக் 2010-ல் ஆங்கரை விற்றார். அதை வாங்கியவர்கள் 2017-ல் ஜப்பானின் சப்போரோவுக்குக் கைமாற்றினார்கள். 2023 ஜூலையில் சப்போரோ, ஆலையை மூடுவதாக அறிவித்துவிட்டது. 120 மில்லியனுக்கு அழுத எரிக்ஸன் தரப்பு, 2022-ல் 2.9 பில்லியன் டாலருக்கு மான்டலீஸிடம் க்ளிஃப் பாரைக் கொடுத்தது. (கம்பெனியில் 20 சதவிகிதம் ஊழியர்கள் பெயரில் இருந்தது, ஆகவே அவர்கள் கையிலும் பணம் சேர்ந்தது. அதைச் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை.) வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்துக்குள்தான் ஓட்டல் என்று வைராக்கியமாக இருந்த நியூயார்க்கின் டேனி மேயர்? அவர் பூங்காவில் விட்ட ஹாட்டாக் வண்டி 'ஷேக் ஷாக்' ஆகி 2015 ஜனவரியில் பங்குச் சந்தைக்கே போய்விட்டது.

இதையெல்லாம் வைத்து 'பார்த்தீர்களா, எல்லாம் வேஷம்' என்று கேலி செய்வது சுலபம். நான் செய்ய மாட்டேன். நாற்பத்தைந்து வருஷம் தரம் குறையாமல் ஒரு பொருளைச் செய்தவர், வயதான பின் விற்றது குற்றமா என்ன?

என் புகார் வேறு. பர்லிங்ஹாம் 'தேர்ந்தெடுப்பது' என்ற வார்த்தையை ரொம்பத் தாராளமாகப் பயன்படுத்துகிறார். அவருடைய பட்டியலிலேயே இருக்கிறது ரிதம் அண்ட் ஹ்யூஸ். லாஸ் ஏஞ்சல்ஸ் கிராஃபிக்ஸ் ஸ்டூடியோ. ஆட்களை மரியாதையாக நடத்துவதில் பேர் வாங்கியது. பாண்டிச்சேரியில் எடுத்த 'லைஃப் ஆஃப் பை' படத்தில் வருகிற அந்தப் புலி இவர்கள் செய்தது. 2013 பிப்ரவரி 13 அன்று திவால் மனு போட்டார்கள். 11 நாள் கழித்து அதே படத்துக்காக ஆஸ்கர்! அன்றைக்கு நம் கண்ணெல்லாம் தமிழ்த் தாலாட்டுக்காகப் போட்டியில் இருந்த பாம்பே ஜெயஸ்ரீ மீது. அரங்குக்கு வெளியே கிராஃபிக்ஸ் கலைஞர்கள் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே, மேடையேறியவர் ஸ்டூடியோவின் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்ததும், 'ஜாஸ்' சுறாமீன் இசையை ஓட்டி அவரை இறக்கிவிட்டார்கள்.

தரத்தில் குறையில்லை, நோக்கத்திலும் குறையில்லை. பிறகு ஏன் விழுந்தது? வாடிக்கையாளர்கள் என்று பார்த்தால் ஐந்தாறு பெரிய சினிமா கம்பெனிகள்தான். ஒரே தொகைக்கு ஒப்பந்தம். டைரக்டர் இருபது தடவை மாற்றச் சொன்னாலும் கூடுதல் காசு கிடையாது. அரசு மானியம் கிடைக்கிற கனடாவிலும் பிரிட்டனிலும் போட்டியாளர்கள். விலையை அடுத்தவன் சொல்கிற தொழிலில், 'நான் சின்னதாக, தரமாக இருக்கிறேன்' என்கிற முடிவு முதலாளி கையிலேயே இல்லை. பியருக்கும் சாண்ட்விச்சுக்கும் விலையை மேடாக்கும் ஸிங்கர்மேன்ஸும் தாங்களே எழுதினார்கள். 14 பேரையும் ஒரே தட்டில் வைத்துப் புகழ்ந்த ஆசிரியர், இந்த வித்தியாசத்தை ஓர் அத்தியாயமாகவாவது எழுதியிருக்க வேண்டாமா? ஜாப் ஆர்டர் எடுத்துப் பிழைக்கிறவர் இதைப் படித்துவிட்டு உணர்ச்சிவசப்பட்டால் யார் பொறுப்பு?

இரண்டாவது, முதலாளிக்குப் பின்னால் யார்? பி.காம். பாடத்தில் 'கோயிங் கன்சர்ன்' என்று ஒன்று வரும். கம்பெனிக்கு முடிவே கிடையாது என்று வைத்துக்கொண்டு கணக்கெழுத வேண்டுமாம். முதலாளிக்கு அந்த வசதி கிடையாதே! பர்லிங்ஹாமுக்கு இது தெரியாமல் இல்லை. கடைசிப் பக்கங்களில் தொடுகிறார். சால்ட் லேக் சிட்டியில் விருதுப் பதக்கங்கள் செய்யும் ஓ.சி.டானர் கம்பெனியின் நிறுவனர், தன் காலத்துக்குப் பிறகு யாரும் விற்றுவிடக்கூடாது என்று நூறு வருஷ அறக்கட்டளை ஏற்படுத்திவிட்டுப் போனதைச் சொல்கிறார். ஆனால், அது ஏதோ பிற்சேர்க்கை மாதிரி வந்து போகிறது. என்னைக் கேட்டால் புத்தகமே அங்கிருந்துதான் ஆரம்பித்திருக்க வேண்டும். அவருக்கும் உறுத்தியிருக்கும் போல. முதலாளிகள் தொழிலிலிருந்து வெளியேறுவதைப் பற்றியே 2014-ல் 'ஃபினிஷ் பிக்' என்று தனிப் புத்தகம் எழுதினார். முதல் புத்தகம் வாங்குபவர்கள் அதையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

ஆங்கர் ஆலையை மூடுகிறோம் என்று சொன்னதும், அங்கே வேலை பார்த்தவர்கள் சங்கமாகச் சேர்ந்து, 'எங்களிடம் விற்றுவிடுங்கள், கூட்டுறவாக நாங்களே நடத்துகிறோம்' என்று கேட்டார்கள். நடக்கவில்லை. 2024-ல் அதை வாங்கியவர், சோபானி தயிர்க் கம்பெனியின் முதலாளி ஹம்தி உலுகாயா.