பட்டமும் உரிமையும்: ஒரு தமிழாக்கத்தைப் பற்றிய ஆய்வு

திருப்பத்தூரை அடுத்த கண்டரமாணிக்கத்தில் ஊர் நிலங்களின் பழைய வரலாற்றைத் தொகுக்க முயன்ற அன்பர் சிலர், சிவகங்கைச் சமீன் வழக்கின் தீர்ப்பைத் தமிழாக்கி வைத்திருந்த கையெழுத்துப் படியொன்றை அண்மையில் எமக்குக் காட்டினர். ஆக்கியோர் பெயர் அதிற் குறிக்கப்பெறவில்லை. உழைப்பும் நடைத்தெளிவும் உடைய மொழிபெயர்ப்பே அது. எனினும், 'டைட்டில்' என்னும் ஆங்கிலச்சொல் வருமிடந்தோறும் 'பட்டம்' என்றே பெயர்க்கப்பட்டுள்ளது. இவ்வொரு சொல்லால் தீர்ப்பின் பொருளே திரிந்துவிட்டது என்பது எம் கருத்து.

'டைட்டில்' என்பது 'தித்துலுஸ்' என்னும் இலத்தீன் சொல்லின்வழி வந்தது. ஒரு பொருளின்மேற் பொறித்த எழுத்து, அல்லது அதனோடு சேர்த்த பெயர்ச்சீட்டு என்பதே அதன் முதற்பொருள். அச்சீட்டு நூலைக் குறிப்பின் தலைப்பு. ஒருவர் பெயர்க்கு முன் நிற்பின் சிறப்புப்பெயர். நிலம் இன்னார்க்கு இன்ன வழியால் உரியது எனக் காட்டின் உரிமைமூலம். ஆங்கிலேயர்க்கு இம்மூன்றும் ஒரு மரத்தின் கிளைகள். நம் 'பட்டம்' நெற்றியிற் கட்டும் பொற்றகட்டைக் குறித்துப் பின் அரசுரிமைக்கும், சிறப்புப்பெயர்க்கும், பல்கலைக்கழகம் அளிக்கும் தகுதிக்கும் ஆயிற்று. பட்டயம், பட்டா என்பன அதற்கு இனமான சொற்களே. ஆயினும் பட்டா வருவாய்த்துறைப் பதிவேயன்றித் தனித்து நின்று உரிமைமூலம் ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன.

இனி வழக்கிற்கு வருவோம். மருது சகோதரர் வீழ்ந்த 1801ஆம் ஆண்டில் கம்பெனியார் கௌரி வல்லபரைச் சிவகங்கைச் சமீன்தார் ஆக்கினர். அவர் 1829இல் ஆண்மகவின்றி மறைந்தார். தமையனார் வழியினர் சமீனைக் கைக்கொண்டனர். மனைவியர்க்கும் மகளிர்க்கும் உரிமை உண்டா என்னும் வழக்கு நெடுங்காலம் நடந்து, 1863இல் இலண்டன் பிரிவி கவுன்சிலில் மகளார் காத்தம நாச்சியார்க்குச் சார்பாக முடிந்தது. தீர்ப்பின் உயிர்நிலை யாது? குடும்பம் பிரியாத குடும்பமே. ஆயினும் சமீன் கௌரி வல்லபர் கம்பெனியாரிடம் தாமே பெற்ற சுயார்ஜிதம். ஆகலின் அது மனைவிக்கும், அவர்க்குப்பின் மகட்கும் செல்லும் என்பதே. குடும்பப் பொதுச்சொத்தாயிருப்பின், எஞ்சி நிற்கும் ஆண்மக்களாகிய தமையன் மைந்தரையே அது சென்றடைந்திருக்கும்.

ஈண்டு 'டைட்டில்' என்பது, கௌரி வல்லபர்க்கு நிலம் எவ்வழியில் வந்தது என்னும் வினாவைத் தாங்கி நிற்பது. அதனைப் 'பட்டம்' என்றவுடன் வினா மாறிவிடுகிறது. பழைய அரசுகட்டில் யார்க்கு என்னும் போராட்டமாகப் படிப்போர்க்கு அது தோன்றும். முன்னோர்வழி வந்த பதவி என்னும் குறிப்பு 'பட்டம்' என்னும் சொல்லிலேயே உறைகின்றது. அக்குறிப்போ தோற்ற கட்சியார்க்குத் துணையாவது! நடுவர் மறுத்த வாதத்தை மொழிபெயர்ப்பாளர் தம்மையறியாமலே மீண்டும் உள்ளே விட்டுவிட்டார்.

'சமீன்தார் பட்டமேறினார்' என்று சிவகங்கைச் சீமையார் சொல்லும் வழக்கினைக் காட்டி மொழிபெயர்ப்பாளர் விடையிறுக்கலாம். பதவியேற்றலைக் கூறும் இடங்களில் அது பொருந்தும். அங்கெல்லாம் அச்சொல் நிற்பதில் எமக்குத் தடையில்லை.

பட்டம் என்பது மிகப் பொருந்தும் இடத்தும் அது சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு. கானாடுகாத்தான் அண்ணாமலை செட்டியார் 1923இல் 'சர்' ஆனார். 1929இல் செட்டிநாட்டு 'ராஜா' ஆனார். முன்னது அவர் வாழ்நாளோடு முடிவது. பின்னது வழிவழிச் செல்வது. 1948இல் அவர் மறைந்தபின் மைந்தர் முத்தையா செட்டியார் ராஜா ஆயினார். 'சர்' என்பதையோ அவர் தாமே தனியாகப் பெறவேண்டியிருந்தது. தமிழில் இரண்டும் பட்டமே. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 18ஆம் உறுப்பு, படைத்துறைச் சிறப்பும் கல்விச்சிறப்பும் ஒழிந்த ஏனைப் பட்டங்களை அரசு வழங்குதல் கூடாது என்றது. 'பட்டங்கள் ஒழிந்தன' என்று மட்டும் தமிழில் எழுதின், எம் முதுகலை மாணவர் அஞ்ச நேரும்.

பெயரும் உரிமையும் ஒன்றாய் நிற்கும் இடம் தமிழர்க்கு இல்லையோ எனின், செட்டிநாட்டிலேயே உண்டு. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளை அடுக்கி அமைத்த 'விலாசம்' பர்மாவிலும் மலேயாவிலும் நகரத்தார் கடைகளின் பெயராய் நின்றது. கொடுக்கல் வாங்கலில் அதுவே நாணயத்தின் அடையாளம். பாட்டன் பெயரைத் தாங்குதலாற் 'பெயரன்' எனப்பட்டவனுக்கு அவ்வெழுத்துகளும் உடன் வந்தன. திருமணம் முடிந்த இணையர் கோயிற்கணக்கில் ஒரு 'புள்ளி' ஆதலும் நோக்கத்தக்கது. அங்கே பிறப்பு மட்டும் போதாது, மணமும் வேண்டும். 'டைட்டில்' என்பதற்கு நேர்ச்சொல் தேடுவோர் அகராதிகளோடு இவ்வழக்காறுகளையும் காண்பது நன்று.

'இன்ஹெரிட்டன்ஸ்' என்பதிலும் இடர் உண்டு. ஆங்கிலத்தில் அது பெறுதலையும் பெற்ற பொருளையும் ஒருங்கே உணர்த்தும். அதனோடு உறவுடைய மற்றொரு சொல் உடல்வழிக் கூறுகள் இறங்குதலையும் குறிக்கும். நம்மிடம் பழைய 'தாயம்' உண்டு. அதிலிருந்தே தாயாதி வந்தது. அரபுவழி வந்த 'வாரிசு' இன்று வீட்டுச்சொல். 'மரபு' உயிரியலுக்குச் சென்றுவிட்டது. நூலகத்தில் 'மரபியல்' கேட்பார்க்குத் தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலை எடுத்துக்கொடுப்பதா, உயிரியல் நூலை எடுத்துக்கொடுப்பதா என்பது கேட்பவர் துறையைப் பொறுத்தது.

படியிலுள்ள பெரும்பிழை இதனையொட்டியதே. 'இன்ஹெரிட்டன்ஸ்', 'சர்வைவர்ஷிப்' என்னும் இரண்டனையும் மொழிபெயர்ப்பாளர் 'வாரிசுரிமை' என்கிறார். மகளார் வென்றதும் தமையன் வழியினர் தோற்றதும் இவ்விரண்டன் வேறுபாட்டினாலேயே. இரண்டும் ஒன்றாயின், வழக்கு எதற்காக நடந்தது என்பதே விளங்காது. முன்னதற்குத் 'தாயவுரிமை' என்றும், பின்னதற்கு 'எஞ்சினோர் உரிமை' என்றும் வைக்கலாம். நிலத்தைப் பற்றிய இடங்களிற் 'பட்டம்' என்பதை நீக்கி 'உரிமைமூலம்' என எழுதுதல் வேண்டும். கண்டரமாணிக்கத்து அன்பர்கள் தம் தொகுப்பை அச்சிடுமுன் இம்மூன்று திருத்தங்களையேனும் செய்வார்களாக.