பதினாலாம் பக்கத்துக் கம்பளி

திருச்சி புத்தூரிலிருந்து ஒரு வாசகர் இருபத்திரண்டு பக்கத்துக்கு ஒரு சிறுகதை அனுப்பியிருக்கிறார். கூடவே ஒரு கடிதம். ‘1930-களில், நீலகிரியில், ஜனவரி மாதத்தில் நடக்கிற வேட்டைக் கதை இது. தாட்சண்யம் பார்க்காமல் அபிப்பிராயம் சொல்லுங்கள். முக்கியமாக ஹீரோவின் டிரெஸ் சரிதானா? எனக்குக் குளிர் என்றால் மார்கழிதான் தெரியும்.’

கடைசி வாக்கியத்தின் நேர்மைக்காகவே கதையை அன்றே படித்துவிட்டேன்.

புத்தூர் பரிச்சயமில்லாதவர்களுக்கு: பெரிய ஆஸ்பத்திரி, பிஷப் ஹீபர் கல்லூரி, உய்யக்கொண்டான் வாய்க்கால், நால்ரோட்டில் எந்நேரமும் ஹாரன். வருஷத்தில் பத்து மாதம் வெயில். மார்கழியில் ராத்திரி 20 டிகிரியை எட்டிவிட்டால் போதும், வாக்கிங் போகிற பெரியவர்கள் மப்ளர், குரங்குக் குல்லா சகிதம் இமயமலைக்குப் புறப்பட்டவர்கள் மாதிரி வருவார்கள். குழுமாயி அம்மன் கோயிலில் குட்டி குடிக்கிற திருவிழாவும் இங்கேதான். அதைப் பார்த்து வளர்ந்தவருக்கு ரத்தம் புதிதில்லை. கதையில் கடமான் அடிபட்டு விழுகிற இடம் நன்றாக வந்திருப்பதில் ஆச்சரியமில்லை. குளிர்தான் வரவில்லை.

முதலில் கதைச் சுருக்கம். ஜமீன்தார் மகன் ஒருவன், துணைக்கு மலைவாசி ஆள் ஒருவனைக் கூட்டிக்கொண்டு விடியற்காலை மூன்று மைல் மலை ஏறுகிறான். பள்ளத்தாக்கின் விளிம்பில் மூன்று மணி நேரம் அசையாமல் காத்திருக்கிறான். கடமான் வருகிறது. சுடுகிறான். ஊரே கொண்டாடுகிறது. (இன்றைக்கு இது ஜெயிலுக்குப் போகிற சமாசாரம். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. கதை அதற்கு முன்னால் நடப்பதால் மன்னிப்போம்.)

ஹீரோவின் உடை: வெள்ளைப் பருத்திச் சட்டை, மேலே கறுப்பு லெதர் ஜாக்கெட், நீல ஜீன்ஸ், முழங்கால்வரை பூட்ஸ், கழுத்தில் பாரிஸ் சென்ட்.

1930-களில் ஜமீன்தார் மகன் ஜீன்ஸ் போட்டான் என்பதை அவன் அம்மாகூட நம்பமாட்டாள். அதை விடுங்கள். வேறு கேள்வி கேட்போம். இந்த உடையில் அவன் உயிரோடு திரும்பியிருப்பானா?

வேட்டையைப் பற்றி எனக்கென்ன தெரியும் என்று கேட்பீர்கள். கொசுவைத் தவிர வேறெதையும் அடித்ததில்லை. ஆனால், குளிரிடம் ஒரு முறை அடி வாங்கியிருக்கிறேன். ஒரு ஜனவரியில் தொட்டபெட்டா போனேன். 2,637 மீட்டர். கனமான காட்டன் பனியன், காட்டன் சட்டை, அதன்மேல் ஒரு ஸ்வெட்டர். ஏறும்போது கதகதவென்று இருந்தது, முதுகெல்லாம் வியர்வை. உச்சியில் நின்று சீனரி பார்த்த ஐந்தாவது நிமிஷத்தில் ஈர பனியன் முதுகில் ஐஸ் தகடாக ஒட்டிக்கொண்டது. பற்கள் தாளம் போட்டன.

நடந்தது எளிய பௌதிகம். உடம்புக்குச் சூடு தருவது துணியல்ல, துணிக்குள் அசையாமல் மாட்டிக்கொண்டிருக்கிற காற்று. துணி நனைந்தால் காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர், காற்றைவிடச் சுமார் இருபத்தைந்து மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். பருத்தி ஈரத்தை ஆசையாகக் குடித்து, லேசில் விடாது. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் கொஞ்சம் சூட்டைக் காப்பாற்றும். அதனால்தான் குளிர்தேசத்து வேட்டைக்காரர்கள் தோலை ஒட்டிப் பருத்தி போடுவதில்லை. மெல்லிய கம்பளி, அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் காற்றைத் தடுக்க ஒன்று என்று அடுக்கடுக்காகப் போடுவார்கள். நடக்கும்போது கழற்றி முதுகில் கட்டிக்கொண்டு, உட்கார்ந்ததும் போட்டுக்கொள்வார்கள். புறப்படும்போது லேசாகக் குளிர வேண்டும். கதகதப்பாக இருந்தால் அதிகமாகப் போட்டுவிட்டோம் என்று அர்த்தம்.

நம் ஹீரோ நேர்மாறாகச் செய்கிறான். மூன்று மைல் லெதருக்குள் வெந்து, மூன்று மணி நேரம் ஈரச் சட்டையோடு உறைகிறான்.

இது குளிர்க் கணக்கு. மான் கணக்கு வேறு. லெதர் ஜாக்கெட் புதிதாக இருந்தால் கையைத் தூக்கும்போது முனகும். மானின் காதுக்கு அது லவுட் ஸ்பீக்கர். சென்ட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஜீன்ஸில் ஒரு விசேஷம் உண்டு. மானின் கண்ணில் நிறம் பிரிக்கிற செல் நமக்கு இருப்பதுபோல மூன்று வகை கிடையாது, இரண்டுதான். ஆரஞ்சும் சிவப்பும் அதற்குப் பச்சையோடு பச்சையாகக் குழம்பிப்போகும். அவ்வளவு பளீரென்ற புலி, புல்லில் மறைய முடிவது அதனால்தான். அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு அணிவதும் அதனால்தான். சக வேட்டைக்காரன் பார்த்துச் சுடாமல் இருப்பான், மானுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால், நீலம் மானுக்கு நன்றாகத் தெரியும். ஆக, காட்டில் போடக்கூடாத ஒரே நிறத்தைத் தேடிப் பிடித்து ஹீரோவின் காலில் மாட்டியிருக்கிறார் நண்பர்.

கேட்டது டிரெஸ் மட்டும் என்றால் பதில் இத்தோடு முடிந்தது. அவர் கேட்டது அபிப்பிராயம். அதனால் இலக்கியத்துக்குள் போவோம்.

வேட்டை எழுத்தில் உடை, குளிருக்காக வருவது அபூர்வம். அது ஆளைக் காட்டத்தான் வருகிறது. ஊட்டியில் வெள்ளைக்காரர்கள் 19-ம் நூற்றாண்டிலேயே ‘ஊட்டி ஹன்ட்’ தொடங்கி, குதிரையும் வேட்டைநாய்களுமாக வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் பாய்ந்தார்கள். இங்கிலாந்து நரி கிடைக்காததால் நம்மூர்க் குள்ளநரியைத் துரத்தினார்கள். உடை மட்டும் மாறவில்லை, அதே ரத்தச் சிவப்புக் கோட்டு. குள்ளநரிக்கு அந்தச் சிவப்பு தெரிந்தே இருக்காது. அது தெரியவேண்டியது க்ளப் மெம்பர்களுக்கும், வேலி ஓரம் நின்று பார்க்கிற நமக்கும்.

இதற்கு மாற்று ஜிம் கார்பெட். போட்டோக்களில் பெரும்பாலும் அரை டிராயர், சாதா தொப்பி. 1944-ல் வெளிவந்த குமாவுன் புத்தகத்தில் ஓர் இடத்தில், பெண்களையே குறிவைத்த ஆட்கொல்லிகளை ஏமாற்றத் தான் புடவை கட்டிக்கொண்டு அரிவாளால் புல் அறுத்ததைச் சொல்கிறார். பலிக்கவில்லை என்றும் ஒப்புக்கொள்கிறார். புடவை கட்டிய துரையை நம் சினிமாவில் காமெடி டிராக்கில்தான் பார்க்க முடியும். அவர் அதை ஒரு தோற்ற உத்தி என்று இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். ருத்ரப்ரயாக் சிறுத்தைக்காகத் தொங்குபாலத்தின் கோபுரத்தில் இருபது இரவுகள் உட்கார்ந்த அத்தியாயத்திலும், தன் உடையால் நம்மை மயக்கப் பார்ப்பதில்லை. அந்தச் சிறுத்தை 125 பேரைக் கொன்ற பிறகு 1926 மே மாதம்தான் விழுந்தது. படித்து முடித்ததும் நம் மனதில் நிற்பது கோட்டு அல்ல, காத்திருத்தல். இன்னொன்றும் கவனியுங்கள். கார்பெட்டின் பக்கங்களில் கூட வருகிறவர்களுக்குப் பெயர் இருக்கிறது. மாதோ சிங் என்று அழைக்கிறார். ‘மை இண்டியா’ என்ற புத்தகத்தை இந்தியாவின் ஏழைகளுக்கே சமர்ப்பித்தார்.

நம் ஆட்கள் சளைத்தவர்களா? பெரிய புராணத்தில் திண்ணனாரை முதல் வேட்டைக்கு அலங்கரித்து அனுப்பும்போது, தலைமயிரில் ஆரம்பித்துக் காலில் செருப்புவரை ஒன்றுவிடாமல் சொல்கிறார் சேக்கிழார். அந்தச் செருப்பு பிற்பாடு எங்கே வைக்கப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். வெறும் அலங்காரமாக வந்த பொருள், பக்தியின் உச்சத்தில் பயன்படுகிறது. கதையில் உடைக்கு அதுதான் வேலை.

குளிர் வேண்டுமென்றால் நெடுநல்வாடைக்குப் போங்கள். நக்கீரர் தெர்மாமீட்டர் வைக்கவில்லை. மழையில் நனைந்த இடையர்கள் நெருப்பில் கைகாய்ச்சுகிறார்கள், அப்படியும் கன்னம் நடுங்குகிறது. மேய மறந்த விலங்கு, கொம்பிலிருந்து விழுகிற பறவை. படிக்கிறவன் போர்வையைத் தேடுகிறான். முல்லைப்பாட்டில் பாசறையைக் காக்கிற யவனர்கள் சட்டை போட்டிருக்கிறார்கள். அதற்கு ‘மெய்ப்பை’ என்று எத்தனை அழகான பெயர்! எழுதிய நப்பூதனார், காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகரின் மகன். வெளிநாட்டுக்காரன் என்ன உடுத்தியிருக்கிறான் என்று வியாபாரி வீட்டுப் பிள்ளைக்குக் கண் போயிருக்கிறது.

நண்பர் வசிப்பதும் துணிக்குப் பேர்போன பூமிதான். புத்தூரை ஒட்டியே உறையூர். முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான ‘பெரிப்ளஸ்’, அர்கரு என்ற ஊரின் மெல்லிய பருத்தித் துணியைச் சொல்கிறது. அது உறையூர்தான் என்கிறார்கள். அந்த வெயிலுக்கு அதைவிட நல்ல துணி உலகத்தில் கிடையாது. அதை அப்படியே ஊட்டி பஸ்ஸில் ஏற்றியதுதான் நம் கதாசிரியரின் பிழை.

நீலகிரிக்கே உரிய உடை என்னவென்று பார்த்திருக்கலாம். தோடர்களின் பூத்துக்குளி, கெட்டியான வெள்ளைப் பருத்திப் போர்வை, அதில் சிவப்பும் கறுப்புமாகப் பெண்கள் போடுகிற பூவேலை. 2013-ல் அந்த எம்ப்ராய்டரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பருத்திதான். ஆனால், நனையாதவரை, தாராளமாகச் சுற்றிக்கொண்டால் மடிப்புகளுக்குள் காற்று நிற்கும். வேடிக்கை என்னவென்றால், மலையின் மிக அழகான குளிர் உடைக்குச் சொந்தக்காரர்களான தோடர்கள் வேட்டையாடுகிறவர்கள் அல்ல. எருமை வளர்க்கிறவர்கள்.

இப்போது கதைக்குத் திரும்புகிறேன். ஒரு விஷயத்தை இதுவரை வேண்டுமென்றே சொல்லவில்லை.

இந்தக் கதையில் குளிர்கால வேட்டைக்குச் சரியாக உடுத்தியவன் ஒருவன் இருக்கிறான். ஒன்பதாம் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியத்தில் வருகிறான். ‘பழைய கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அந்த மலைவாசி முன்னால் நடந்தான்.’ அவ்வளவுதான். யோசித்துப் பாருங்கள். ஆட்டுமயிர்க் கம்பளி. நனைந்தாலும் சூடு விடாது. உரசினால் சத்தம் வராது. மங்கல் நிறம். சென்ட் இல்லை. நடக்கும்போது தோளில் மடித்துப் போடலாம், உட்காரும்போது போர்த்தலாம், மழை வந்தால் கொங்காணியாக மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்ளலாம். நான் மேலே இரண்டு பாராவில் அளந்த பௌதிகம் முழுக்க அந்த ஒரு துண்டுத் துணியில் இருக்கிறது. அதைத் தெரிந்து எழுதவில்லை நண்பர். ‘ஏழை’ என்று காட்டுவதற்காக எழுதியிருக்கிறார்.

அப்புறம் பதினாலாம் பக்கம். ஹீரோவுக்கு நடுக்கம் எடுக்கிறது. மலைவாசியிடம் கை நீட்டுகிறான். ‘அவன் சிரித்தபடியே கம்பளியைக் கழற்றிக் கொடுத்தான்.’

அதற்குப் பிறகு எட்டுப் பக்கம் கதை இருக்கிறது. உறைபனி இருக்கிறது, இன்னும் இரண்டு மணி நேரக் காத்திருப்பு இருக்கிறது, துப்பாக்கி இருக்கிறது, மான் இருக்கிறது, ஊரின் பாராட்டு இருக்கிறது. அவன் இல்லை. மானைத் தூக்கி வந்தது யார் என்றுகூடத் தெரியவில்லை. அவனுக்குப் பெயரும் இல்லை, கம்பளியும் இல்லை.

நண்பரே, நீங்கள் கேட்ட கேள்வி ஹீரோவின் டிரெஸ். என் கேள்வி, வெற்றுடம்போடு அந்தப் பனியில் உட்கார்ந்திருந்தவன் என்ன ஆனான்? அவன் ஏன் சிரித்தான்? நிஜமாகவே சிரித்தானா, அல்லது ஜமீன்தார் மகனுக்கு அப்படித் தெரிந்ததா? உங்களுக்கே தெரியாமல் உங்கள் கதை அந்தப் பக்கத்தில்தான் ஆரம்பித்திருக்கிறது.

இந்தத் தவறு உங்களுடையது மட்டுமில்லை. துரைமார்கள் எழுதிய வேட்டைப் புத்தகங்கள் பலவற்றில், கண்ணுக்குத் தெரியாத காலடித் தடத்தைப் படித்தவனும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொன்னவனும் ‘என் ஷிகாரி’ என்ற ஒற்றை வார்த்தைக்குள் அடங்கிவிட்டார்கள். போட்டோவில் துரையின் பூட்ஸ், புலியின் தலைமேல். ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு ஒரு கம்பளி தெரியும். நாமும் அதையெல்லாம் படித்து வளர்ந்தவர்கள். எழுத உட்கார்ந்தால் கை தானாகத் துரையின் பக்கம் போய் நிற்கிறது. நானும் காலேஜ் நாட்களில் ஒரு வேட்டைக் கதை எழுதினேன். தேடினேன், கிடைக்கவில்லை. கிடைத்தாலும் காட்டமாட்டேன்.

உங்களிடம் கை இருக்கிறது. மான் விழுகிற இடத்தில் கண்ணை மூடவில்லை நீங்கள். அதே கண்ணை இந்தப் பக்கமும் திருப்புங்கள். மறுபடி எழுதி அனுப்பினால் படிக்கிறேன்.

ஜீன்ஸை எடுத்துவிடுங்கள். சென்ட்டையும் எடுத்துவிடுங்கள். அந்த ஆளுக்கு ஒரு பெயர் வையுங்கள். பதினைந்தாம் பக்கத்துக்குள் அவன் கம்பளியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்; அல்லது கொடுக்காததைப் பற்றி எழுதுங்கள்.